கை மாறினால் வினை மாறுமா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி தொடங்கும் நாட்களில், ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் தனி வீடு கட்டிக் குடியிருக்கும் நம் குடும்பத்தார் பலர் காணும் காட்சி ஒன்று உண்டு. விடியற்காலையில் தோட்டத்துப் பக்கம் சென்றால், மதிற்சுவரை ஒட்டிக் கூடைகூடையாகப் புதுமண் குவிந்திருக்கும். முன்தினம் நட்ட கத்தரி நாற்று சாய்ந்து கிடக்கும். வாழைக் கன்றின் அடியில் கை நுழையும் அளவு துளை தெரியும். வீட்டுப் பெரியவர், "பெருச்சாளி வந்துவிட்டது" என்பார். மகன், "மருந்து வாங்கி வரட்டுமா?" என்பான். இல்லத்தரசியோ, "நம் வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம்" என்று தடுப்பார். மூவரும் பேசாமல் உள்ளே சென்றுவிடுவர். சில நாட்களில் பெருச்சாளி எவ்வாறோ இல்லாமற் போகும். எவ்வாறு என்று எவரும் எவரையும் கேட்பதில்லை.

அப்படிக் கேளாமல் விடுவதைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறோம். கொல்லாமை நம் சமயத்தின் உயிர்நாடி என்று மேடைதோறும் கூறுகிறோம். இரவுணவு நீக்குகிறோம், நீரை வடிகட்டிப் பருகுகிறோம், மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளைத் தவிர்க்கிறோம். ஆனால் அதே மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் ஓர் உயிர் நம் சுவருக்கும் பயிருக்கும் இடையூறு செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் நம் கையால் ஒன்றும் செய்வதில்லை. பிறர் கையால் செய்விக்கிறோம். கை மாறினால் வினையும் மாறிவிடுமா என்பதே கேள்வி.

யார் இடத்தில் யார்?

அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி ஆகிய யாவும் ஒரு காலத்தில் வயலுக்கு நீர் பாய்ச்சிய ஏரிகளே. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியது. அதே பத்தாண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஏரிக்குக் கீழிருந்த நன்செய் சிறிது சிறிதாக மனைகளாயிற்று. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து வேலை தேடி வந்த நம்மவரும் அம்மனைகளை வாங்கினர். நாம் எழுதிக்கொண்ட பத்திரத்தில் நான்கெல்லையும் விவரமாகக் குறிக்கப்பட்டிருக்கும். நிலத்தின் கீழே யார் குடியிருந்தார் என்பது மட்டும் அதில் இராது.

அங்குக் குடியிருந்தவற்றுள் வரப்பெலி முதன்மையானது. வரப்புக்குள் வளை தோண்டி, வாயிலை மண்ணால் அடைத்துக்கொண்டு, கதிர்களை அறுத்து உள்ளே சேமிக்கும் இயல்புடையது. வளர்ந்த வரப்பெலி வளைக்கு ஒன்றாகத் தனித்தே வாழும். 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று நம் முன்னோர் சொன்னது வெறும் கற்பனையன்று என்பதை வயலில் நின்றவர் அறிவர். வெள்ளெலியும் சுண்டெலியும் அதன் அண்டைவீட்டார். வயல் போய் வீடு வந்தபோது வரப்பெலி குறைந்தது. அதன் இனத்தில் பெரியதாகிய பெருச்சாளி பெருகியது. தெலுங்கில் இதனைப் 'பந்திகொக்கு', அதாவது பன்றியெலி என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் 'பாண்டிகூட்' என்னும் பெயர் அச்சொல்லின் திரிபே. மூடாத கால்வாயும், தெருமுனையில் கொட்டிய சோறும், சந்தைக் கழிவும் அதற்கு உணவு. ஆகவே ஒன்றை மறுக்க இயலாது. வரப்பெலியின் நிலத்தில் நாம் குடியேறினோம். பெருச்சாளியை நாமே உணவிட்டு வளர்த்தோம்.

இவ்விரண்டும் ஐம்பொறி உயிர்கள். மண்புழு ஈரறிவு, எறும்பு மூவறிவு, வண்டு நாலறிவு. எலியோ உற்றறிந்து, சுவைத்து, முகர்ந்து, கண்டு, கேட்டு அஞ்சும் உயிர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலியையும் சுண்டெலியையும் காகத்தையும் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர்கள் என ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. 2022-இல் நிறைவேறிய திருத்தத்தால் அந்த அட்டவணை நீங்கிற்று. சட்டம் தன் பட்டியலை இப்படியும் அப்படியும் மாற்றலாம். உயிரின் பொறிகள் அதனால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இல்லறத்தார் ஏற்ற விரதம்

துறவியர்க்குரிய மகாவிரதத்தை இல்லறத்தாரிடம் நம் ஆசாரியர்கள் எதிர்பார்க்கவில்லை. உலகியலை நன்கறிந்தே அவர்கள் இம்சையை நால்வகையாகப் பிரித்தனர். கொல்ல வேண்டும் என்று எண்ணித் துணிந்து செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல், வீடு கட்டுதல் முதலிய இல்லற வேலைகளில் தவிர்க்க முடியாமல் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் தாக்க வருவதைத் தடுக்கும்போது நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும்.

இந்தப் பகுப்பை நம்முள் பலர் அறிவோம். அறிந்ததனாலேயே, எலியைக் கொல்ல நேர்ந்ததும், "இது விரோத இம்சை, நமக்கு விலக்கு உண்டு" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய ரத்தினகரண்ட சிராவகாசாரம் இல்லறத்தாரின் கொல்லாமையை வரையறுக்கும்போது, தான் செய்யாமை என்பதோடு நிறுத்தவில்லை. பிறரைக்கொண்டு செய்விக்காமையையும், செய்வாரை உடன்படாமையையும், மனம் மொழி மெய் மூன்றாலும் காக்க வேண்டும் என்கிறது. இது துறவியர்க்குச் சொன்னதன்று, நமக்கே சொன்னது. வினை உயிரைப் பற்றும் வழிகளைப் பெரியோர் 108 எனக் கணக்கிட்டுள்ளனர். எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் மூன்று. மனம், மொழி, மெய் என்னும் மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்று. கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108 வரும். ஜபமாலையின் மணிகளை உருட்டும்போதெல்லாம் நாம் தொட்டுச் செல்லும் எண் இது. அதில் மூன்றில் ஒரு பங்காகிய 36 வழிகள், 'செய்வித்தல்' என்னும் ஒரு சொல்லின் கீழ் அடங்குவதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

நஞ்சு

செய்வித்தலில் மிக எளியது நஞ்சு. கடைக்காரர் காரணம் கேட்பதில்லை. குருதி தெரிவதில்லை. இறக்கும் உயிரின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. துத்தநாக பாஸ்பைடு என்னும் கருநிறப் பொடி, எலியின் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவாக மாறுகிறது. புரோமடியோலோன் கலந்த கட்டி, குருதி உறைவதைத் தடுக்கிறது. அதனை உண்ட எலி உடனே இறப்பதில்லை. சில நாட்கள் உட்கசிவால் நலிந்து நலிந்து இறக்கிறது. அதனைத் தின்ற கூகைக்கும் அந்நஞ்சு சேரும். இவ்வகை நஞ்சுகளுள் மூத்ததாகிய வார்ஃபரின் 1948-இல் எலிக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது. அதே வார்ஃபரின் இன்று அளவறிந்து இதய நோயாளர்க்கும் கொடுக்கப்படுகிறது. நம் இல்லத்து முதியவர் ஒருவர் அம்மாத்திரையை உண்டால், ஒன்று கூடிவிடுமோ என்று எத்தனை முறை எண்ணிப் பார்க்கிறோம்! அதே கசிவை மற்றோர் உயிருக்கு வேண்டுமென்றே வைக்கும்போது கை சற்றும் தயங்குவதில்லை.

2024 நவம்பரில் பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் நேர்ந்ததை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். எலித் தொல்லை நீங்க வேண்டுமென்று ஒரு குடியிருப்பில் வைக்கப்பட்ட நஞ்சின் நெடியைச் சுவாசித்து, உறங்கிக்கொண்டிருந்த குடும்பத்தின் இரு குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அக்குடும்பத்தின் துயரத்தை வினைப்பயன் என்று கூற நமக்கு நாவில்லை. அப்படிக் கூறுவது அறமுமன்று. எலித் தொல்லையுள்ள எந்த வீட்டாரும் செய்யக்கூடியதையே அவர்களும் செய்தனர். நாம் அறிய வேண்டியது ஒன்றே. நஞ்சு எலிக்கென்று பெயரெழுதி வருவதில்லை. அநர்த்த தண்டம் ஐந்தனுள் இம்சாதானம் என்று ஒன்றை நம் நூல்கள் வைத்துள்ளன. கோடரி, மண்வெட்டி, தீ, நஞ்சு முதலிய கொலைக்கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தலே அது. அக்கருவி கொடுத்தவன் எண்ணிய எல்லையில் நிற்பதில்லை என்பதை அவர்கள் அன்றே கண்டிருந்தனர் போலும்.

கூண்டு

"நாங்கள் நஞ்சு வைப்பதில்லை, கூண்டில் பிடித்துத் தொலைவில் விட்டுவிடுகிறோம்" என்று கூறுவோர் நம்முள் மிகுதி. நாங்களும் அவ்வாறு கூறி வந்தவர்களே. ஆகவே எங்கள் இல்லத்தில் நேர்ந்ததை மறைக்காமல் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் ஆவடி வீட்டின் மதிலடியில் பெருச்சாளி தோண்டியதில் சுவர் ஒருபுறம் இறங்கி வெடிப்பு விட்டது. இரும்புக் கூண்டில் தேங்காய்ச் சில் வைத்தோம். இரண்டாம் இரவே அகப்பட்டது. பொழுது விடிந்ததும் கூண்டைச் சாக்கினால் மூடி, வண்டியில் வைத்துக்கொண்டு கோயில்பதாகை ஏரிப் பக்கம் சென்றோம். கதவைத் திறந்ததும் அது ஒரு கணம் நின்று புதருக்குள் ஓடியது. சற்றுத் தள்ளிக் குனிந்து கீரை பறித்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்து, "ஏங்க, இங்க எங்க கீரைப்பாத்தி இருக்குது, கண்ணு தெரியலியா?" என்றார். எங்களிடம் விடையில்லை. உயிரைக் காத்தோம் என்ற மனநிறைவோடு சென்றவர்கள் தலைகுனிந்து திரும்பினோம்.

அதோடு முடியவில்லை. அன்று மாலை மதிலடியிலிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. மறுநாளும் கேட்டது. கூண்டில் பிடித்தது தாய் என்பது அப்போதுதான் புலனாயிற்று. எங்கள் தாயார் பஞ்சைப் பாலில் நனைத்து வளையின் வாயில் வைத்தார். சுவரின் அடித்தளத்துக்குக் கீழே இருந்த குட்டிகளை எடுக்க வழியில்லை. நான்காம் நாள் ஒலி நின்றது. அன்று வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. "விஷம் வைத்திருந்தால் ஒரு கொலை. நாம் புண்ணியம் தேடப் போய் எத்தனை ஆயிற்று?" என்று தாயார் கேட்டதற்கு இன்றுவரை எங்களிடம் மறுமொழி இல்லை.

கொல்லாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படும். உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், அடித்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. கூண்டு இவற்றுள் இரண்டைத் தொடுகிறது என்பதை நாங்கள் அதன் பின்னரே எண்ணிப் பார்த்தோம். கூண்டே கூடாது என்பதல்ல எங்கள் கருத்து. கூண்டு நம்மைத் தூய்மையாக்கிவிடும் என்னும் எண்ணம் கூடாது என்பதே.

மண்வெட்டி பிடித்த கை

கிராமத்தில் இவ்வேலைக்கு வேறொருவர் இருந்தார். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் வாழும் இருளர் குடியினர் எலி பிடிப்பதில் தேர்ந்தவர். அடைபட்ட மண்ணின் ஈரத்தைக் கண்டே வளையில் எலி உண்டா இல்லையா என்று கூறிவிடுவர். மண்பானையில் வைக்கோலை எரித்து, வாயால் ஊதி வளைக்குள் புகை செலுத்தி, மண்வெட்டியால் தோண்டிப் பிடிப்பர். புகை அவர் நுரையீரலுக்குள்ளும் செல்லும். சூட்டில் உதடும் கையும் புண்படும். இத்துன்பத்தைக் குறைக்கக் கையால் சுற்றும் விசிறி பொருத்திய எஃகுக் கருவி ஒன்று உருவாக்கப்பட்டு, அத்திட்டம் 2003-இல் உலக வங்கியின் போட்டியொன்றில் பரிசு பெற்றது. பிடித்த எலி அவர்க்கு உணவு. வளையில் கிடைக்கும் நெல் அவர்க்குக் கூலியில் ஒரு பங்கு.

நம் முன்னோருள் நிலமுடையோர் பலர் இருளரை அழைத்து வயலைக் காட்டிவிட்டு வீடு திரும்பினர். மாலையில், "முடிந்ததா?" என்று மட்டும் கேட்டனர். இங்கே வினை யாருடையது? பசிக்குத் தோண்டியவரின் வினையைவிட, தன் கையில் மண் படாமல் தோண்டச் செய்தவரின் வினை சிறிது என்று எந்த ஆகமமும் கூறவில்லை. அதற்கு மேலும் ஒரு பிழை உண்டு. வேலையை வாங்கிக்கொண்டு, வேலை செய்தவரைக் 'கொலைத்தொழில் செய்வோர்' என்று திண்ணைக்குக் கீழே நிறுத்தினோம். இம்சையோடு மான கஷாயமும் சேர்ந்தது.

இருளர் வரலாற்றிலேயே நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உள்ளது. முன்பு அவர்கள் தோலுக்காகப் பாம்பைக் கொன்று வாழ்ந்தனர். 1970-களில் பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டதும் பிழைப்பு போயிற்று. 1978-இல் ராமுலஸ் விட்டேக்கர் முதலியோர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கத்தில், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்துவந்து நஞ்செடுத்து, பின்னர் உயிரோடு விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து செய்யும் மருந்து பாம்பு தீண்டியவரின் உயிரைக் காக்கிறது. அதே மக்கள், அதே திறமை. கொல்லாமல் வாழ வழி திறந்தபோது கொலை நின்றது. பிறர் கையில் கொலையைக் கொடுப்பது ஒரு வழி. கொலை தேவைப்படாத பிழைப்பு அமைய உடன்நிற்பது மற்றொரு வழி. இரண்டாவதே அறம்.

குத்தகை நெல்

நகரத்தில் குடியேறிய நாம், இவையெல்லாம் கிராமத்துக் கதை என்று ஒதுங்க இயலாது. நம்முள் பலருக்கு ஊரில் இன்னும் நிலம் உண்டு. குத்தகைதாரர் பயிரிடுகிறார். அறுவடை முடிந்ததும் நெல்லோ அரிசியோ மூட்டையாக ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வந்து சேருகிறது. அந்த நெல் விளைந்த வரப்பில் மூங்கில் கிட்டி வைக்கப்பட்டதா, நஞ்சுப்பொரி இடப்பட்டதா என்று நாம் கேட்டதுண்டா? எலி தின்றது போக விளைந்தது குறைவு என்று அவர் சொன்னால், "ஒப்பந்தப்படி அளந்துவிடு" என்போம். அந்த ஒரு சொல்லால் அவர் கையில் நஞ்சை நாமே கொடுக்கிறோம். தன் பிள்ளைகளின் உணவுக்கும் நம் குத்தகைக்கும் இடையில் நிற்கும் உழவனை இம்சை செய்கிறான் என்று நாம் சுட்டுவது நியாயமன்று.

நிலமில்லாதோரும் அரிசி வாங்கித்தான் உண்கிறோம். விலை கொடுத்து வாங்கியதெல்லாம் கொலைக்கு உடன்பட்டதாகாது. உடன்பாடு என்பது மனத்தின் செயல். ஆனால் அறிந்த பின்னும் அறியாததுபோல் இருப்பது உடன்பாட்டுக்கு மிக அண்மையில் நிற்கிறது.

எனவே நிலமுடைய குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். எலியால் விளைச்சல் குறைந்த ஆண்டில் அந்த இழப்பில் ஒரு பங்கை நாம் ஏற்போம். குத்தகையில் அதனைத் தள்ளுவோம். பருவத்துக்கு முன்பே வரப்பைச் செதுக்கிக் குறுகலாக்கவும், களையும் வைக்கோற்போரும் வயலோரத்தில் தேங்காமல் அகற்றவும் ஆகும் கூலியை நாம் கொடுப்போம். அகன்று உயர்ந்த வரப்பே எலிக்கு வீடு. அக்கம்பக்கத்து வயல்களில் ஒரே சமயத்தில் நடவு செய்தால், ஒரு வயல் விட்டு ஒரு வயலாக ஆண்டு முழுதும் எலிக்குக் கதிர் கிடைக்காது, பெருக்கமும் தணியும். இவை வேளாண் அறிஞர்களும் கூறுவன. கொன்று குறைத்த இடத்தில் உணவு அப்படியே இருந்தால் வேறு எலிகள் வந்து குடியேறும் என்பதும் அவர்கள் கண்டதே. எலி ஏறக்குறைய மூன்று வாரத்தில் குட்டி ஈனும் உயிர்.

கூகை அமர வயலில் குச்சி நட்டுவைக்கலாமா என்று சிலர் வினவுவர். அதுவும் செய்வித்தல் ஆகாதா? இதில் எங்களுக்கும் தயக்கம் உண்டு. எலி சாக வேண்டும் என்னும் நினைவோடு நட்டால் அந்நினைவு வினையே. ஆனால் கூகை குடியிருக்கும் பனையையும் பழமரத்தையும் வெட்டாமல் விடுவதும், சாரைப்பாம்பைக் கண்டதும் அடிக்காமல் விடுவதும் செய்வித்தலாகா. அவை தத்தம் இயல்பில் வாழ இடம் விடுவதே ஆகும். அதுவரை செல்வதில் எங்களுக்கு ஐயமில்லை.

முன்னதாகச் செய்ய வேண்டியவை

எலியைப் பற்றிய நம் அறம், எலி வந்த பிறகு தொடங்குவதனால்தான் தோற்றுப்போகிறது. வந்த பின் கையில் எஞ்சுவன எல்லாம் தீய வழிகளே. வருமுன் செய்வன பல. அவை அறவே துன்பமற்றவை. சற்று உடலுழைப்பும் ஒழுங்கும் மட்டுமே கேட்பவை.

அரிசியையும் பருப்பையும் மூடியுள்ள தகரப் பெட்டியிலோ எவர்சில்வர் தூக்கிலோ வைக்க வேண்டும். பூசையில் படைத்த அட்சதையையும் தேங்காயையும் பழத்தையும் இரவில் திறந்து வைத்தல் கூடாது. நம் ஆலயங்களிலும் இதனைக் கவனிக்க வேண்டும். புறாவுக்கு இரைக்கும் தானியம் மாலைக்குமேல் முற்றத்தில் கிடத்தல் ஆகாது. உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயின் வாய்க்குக் கம்பிவலை இட வேண்டும். விரற்கடை இடைவெளிகூட ஆகாது. 6 மில்லிமீட்டர் துளையே சுண்டெலி நுழையப் போதும். புதிதாக மதில் எழுப்புவோர் அடித்தளத்தைக் கல்லும் காரையும் இட்டு ஆழமாக அமைத்தல் நன்று. மதிலோரம் பழைய செங்கல்லும் விறகும் அடுக்கிவைத்தல் தவறு. தெருமுனைக் குப்பையைப் பற்றி நகராட்சியைக் குறைகூறுமுன் அதில் நம் வீட்டுச் சோறு எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும்.

தோண்டப்பட்ட வளையை மூட விரும்பினால், முதலில் அதன் வாயில் காகிதத்தைத் தளர்வாகச் செருகிவைத்துச் சில இரவுகள் பார்க்க வேண்டும். காகிதம் அசையாதிருந்தால் மட்டுமே கல்லிட்டு மூடலாம். உள்ளே உயிர் இருக்கையில் அடைப்பதும், கொதிநீர் ஊற்றுவதும் சங்கல்ப இம்சையே. அதற்கு வேறு பெயர் சூட்ட இயலாது. நீண்ட மூக்கோடு கிறீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு எலியினமே அன்று, பூச்சிகளை உண்பது. அதனை எலியென்று எண்ணி அடிக்கும் பேதைமையும் நீங்க வேண்டும்.

இவையெல்லாம் சிறு செயல்கள். ஆனால் நம் நூல்கள் இம்சைக்குக் காரணமாகக் கூறும் முதற்சொல் கொடுமை அன்று. 'பிரமாதம்', அதாவது கவனமின்மை. கவனமின்றி நடந்தவனால் ஓர் உயிரும் சாகாமற் போயினும் அவனுக்கு இம்சை உண்டு என்றனர். மூடாத குப்பைத்தொட்டியும் அத்தகைய கவனமின்மைதான். நஞ்சு வாங்கும் நாளில் தொடங்கியதாக நாம் நினைக்கும் கொலை, சோற்றைத் தெருவில் கொட்டிய நாளிலேயே தொடங்கிவிட்டது.

எஞ்சும் வினை

இத்தனையும் செய்த பிறகும் ஒரு வீட்டில் தொல்லை நீங்காதிருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் உயிருக்கே ஊறு செய்வது. பிறந்த குழந்தையோ நோயுற்ற முதியவரோ இருக்கும் வீட்டில் அச்சம் பொய்யன்று. அங்கே விரோத இம்சை என்னும் சொல்லுக்கு உண்மையான இடம் உண்டு. அத்தகைய குடும்பத்தாரைக் குற்றம் கூற நாங்கள் முன்வரமாட்டோம். 'எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்து' என்று எந்த அறமும் சொல்லாது.

ஆனால் அந்த நிலைக்கு வருமுன் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வருமுன் செய்ய வேண்டியவற்றை உண்மையிலேயே செய்தோமா? வந்திருப்பது உயிருக்கு ஊறா, அல்லது நாற்றுக்கும் நம் அமைதிக்கும் இடையூறா? செய்யப்போவதை நம் செயல் என்று ஒப்புக்கொள்வோமா, அல்லது வேலைக்காரர் மீதும் கடைக்காரர் மீதும் சுமத்திவிட்டு உறங்கப்போவோமா? மூன்றாவது வினாவே மிகக் கடினமானது. செய்ததை ஒப்புக்கொண்டு, பிரதிக்கிரமணத்தில் அதனைப் பெயரிட்டுச் சொல்லி வருந்துபவன் மீண்டும் செய்யத் தயங்குவான். "நான் செய்யவில்லை" என்பவனுக்கு வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நிறுத்துவதற்கும் ஒன்றுமில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூரிலிருந்த எங்கள் உறவினர் இல்லத்தில் தரைத்தளம் முழுதும் நீர் நின்றது. குடும்பத்தார் மாடிக்கு ஏறினர். இரவில் விளக்கேந்திப் பார்த்தபோது, மாடிப்படியின் திருப்பத்தில் நனைந்து நடுங்கிய பெருச்சாளி ஒன்று சுவரோடு ஒட்டி அமர்ந்திருந்தது. அதன் வளையும் நீரில் போயிருந்தது; இவர்கள் வீடும் நீரில் இருந்தது. கம்பு அருகிலேயே இருந்தும் எவரும் அதை எடுக்கவில்லை. நீர் வடிந்த காலை அது இறங்கிச் சென்றது. சில வாரங்களில் பழையபடி மதிலோரம் மண் குவிந்தது. பழையபடி வெறுப்பும் வந்தது. அந்த ஓர் இரவில் அவர்கள் கண்டது புதிய உயிரை அன்று. நாள்தோறும் மண்ணுக்கடியில் இருந்த அதே உயிரைத்தான்.

இவ்வாண்டு மழை ஓய்ந்து உங்கள் மதிலோரம் புதுமண் குவிந்தால், வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பேசுங்கள். பெரியவரும் பிள்ளைகளும் கேட்கும்படி வெளிப்படையாகப் பேசுங்கள். இல்லத்தில் எது நடந்தாலும், அது எல்லோரும் அறிந்து நடந்ததாக இருக்கட்டும். மறைத்துச் செய்வதற்கு இடமில்லாத வீட்டில் கொலைக்கும் இடம் குறையும்.

கொல்லாமை ஓங்குக! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!